டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர் கேப்சூல் வாங்கலாமா? டப்பால போட்டிருக்கறதெல்லாம் வேலை செய்யுமா?

தறிக்காரன்_அம்மாபேட்டை:
எல்லாருக்கும் வணக்கங்க. வயசு 38, பவர்லூம் வேலை, ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட்னு மாறி மாறி வரும். கொஞ்ச நாளாவே ஒரே அசதி, தொப்பை போட்டுருச்சு, வீட்ல அந்த விஷயத்துலயும் முன்ன மாதிரி ஆர்வம் இல்லங்க. ஜிம் போற பையன் ஒருத்தன் "டெஸ்டோஸ்டிரோன், அதான் ஆம்பளை ஹார்மோன், கம்மியா இருக்கும்ணா, இத சாப்டுங்க"ன்னு ஒரு டப்பா காட்டுனான். விலை ரெண்டாயிரத்துக்கு பக்கம். முழுக்க மூலிகை, ஒண்ணும் பண்ணாதுங்கறான். லேபிள்ல இருக்கறத அப்படியே போடறேன்: நெருஞ்சி, அஸ்வகந்தா, வெந்தய எக்ஸ்ட்ராக்ட், சஃபேத் முஸ்லி, டி-அஸ்பார்டிக் ஆசிட், இந்த அஞ்சும் சேர்ந்து "ப்ரொப்ரைட்டரி பிளெண்ட் 1200 மிகி". தனியா ஜிங்க் 50 மிகி. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, காசு சும்மா வரல.

மருந்துக்கடை_சூரமங்கலம்:
அண்ணா, லேபிள போட்டது ரொம்ப நல்லதா போச்சு, அதுலயே பாதி பதில் இருக்கு. பிளெண்ட்னு மொத்தமா ஒரு நம்பர போட்டா உள்ள எது எவ்வளவுன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஆனா கணக்கு போட்டு பாருங்க. டி-அஸ்பார்டிக் ஆசிட்ங்கறது ஒரு அமினோ அமிலம், அத ஆராய்ச்சில குடுத்ததே ஒரு நாளைக்கு 3 கிராம் அளவுக்கு, இங்க அஞ்சு சரக்கும் சேர்ந்தே 1.2 கிராம்தான், அப்ப அது உள்ள பேருக்குத்தான் இருக்கு. அஸ்வகந்தாவ ஆராய்ச்சில 600 மிகி எக்ஸ்ட்ராக்ட் கிட்ட குடுத்தாங்க, அத முழுசா போட்டுட்டா மத்த நாலுக்கும் மிச்சம் 600தான். இப்படி எல்லாத்தையும் கிள்ளி கிள்ளி போட்டு லேபிள்ல பேர மட்டும் நீளமா காட்டறாங்க.

அடுத்தது ஜிங்க், இத கவனமா படிங்க. உடம்புல ஜிங்க் நிஜமாவே குறைஞ்சவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும், அத சரி பண்ணா ஏறும், அது உண்மை. சரியா இருக்கறவங்களுக்கு மேல மேல குடுத்தா ஹார்மோன் ஏறிட்டே போகாது. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மேல்வரம்பே 40 மிகி, இந்த டப்பால 50. தொடர்ந்து சாப்ட்டா உடம்புல காப்பர் குறைஞ்சு ரத்தசோகை, நரம்பு பிரச்சனைன்னு வேற எங்கயோ போய் நிக்கும்.

ஹேர்பின்20:
ஏற்காட்டு ரோட்ல ஞாயித்துக்கிழமை சைக்கிள் மிதிக்கற ஆளு நான், ஜிம்மும் உண்டு, இந்த சப்ளிமெண்ட் பேச்சு தினமும் காதுல விழும். நெருஞ்சி நம்ம ஊர்ல ரோட்டோரம் கால்ல குத்தற அதே முள்ளுதான் நண்பா. பல்கேரியா பளுதூக்கற வீரர்கள் சாப்ட்டாங்கன்னு சொல்லித்தான் உலகம் பூரா வித்தாங்க, ஆனா ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு குடுத்து டெஸ்ட் பண்ணப்ப டெஸ்டோஸ்டிரோன் ஏறல. டி-அஸ்பார்டிக்ல 2009ல வந்த ஒரு ஆய்வுல ஏறுச்சு, அத வச்சே எல்லாரும் விக்கறாங்க, ஆனா வெயிட் தூக்கி பழகுன பசங்களுக்கு பின்னாடி 6 கிராம் குடுத்து பாத்தப்ப உல்டாவா குறைஞ்சிருக்கு.

அஸ்வகந்தாவ மட்டும் நான் மொத்தமா ஒதுக்க மாட்டேன். சின்ன சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஸ்ட்ரெஸ், தூக்கம் ரெண்டுக்கும் ஓரளவு நல்லது பண்ணுது, டெஸ்டோஸ்டிரோனும் கொஞ்சம் ஏறுனதா இருக்கு. நாட்டு மருந்து கடைல விக்கற அமுக்கரா பொடியும் அஸ்வகந்தாதான், ஆனா அந்த பொடி வேற, எக்ஸ்ட்ராக்ட் வேற, ஸ்பூன் கணக்குல ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்காதீங்க.

மருந்துக்கடை_சூரமங்கலம்:
அஸ்வகந்தா பத்தி ஒண்ணு சேர்த்துக்கறேன் தம்பி. அத சாப்ட்டு ஈரல் பாதிச்சு மஞ்சகாமாலை வந்த கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. தைராய்டு ஹார்மோனயும் ஏத்தி விடலாம், அதனால தைராய்டு மாத்திரை போடறவங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது. மூலிகைன்னா ஒண்ணும் பண்ணாதுங்கற பேச்ச கேட்டாலே எனக்கு கோவம் வருது, மருந்தா வேலை செய்யறது எதுவா இருந்தாலும் கெடுதலும் பண்ணத்தான் செய்யும்.

காபித்தோட்டம்_நாகலூர்:
யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேங்க. மலைக்கு டூரிஸ்ட் வர்ற எடத்துல ஷிலாஜித்னு கறுப்பா ஒரு பிசின விப்பாங்க, இந்த மாதிரி கேப்சூலும் வரும். சாப்ட்ட ஒரு மணி நேரத்துலயே "வேலை செஞ்சுது"ன்னு எவனாவது சொன்னா உஷாராகிக்கோங்க. மூலிகை அவ்வளவு சீக்கிரம் எதுவும் பண்ணாது, உள்ள சில்டெனாஃபில், அதான் வயாகரா மருந்து, கலந்திருக்க வாய்ப்பிருக்கு. அமெரிக்கால மருந்துகள கண்காணிக்கற எஃப்டிஏ இந்த மாதிரி "நேச்சுரல்" டப்பா எத்தனையோ புடிச்சிருக்கு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடில வைக்கற சார்பிட்ரேட் மாதிரி மாத்திரை எடுக்கறவங்க தெரியாம இத போட்டா பிரஷர் பாதாளத்துக்கு போய் உசுருக்கே ஆபத்து. சுத்தம் பண்ணாத ஷிலாஜித்துல ஈயம் மாதிரி உலோகமும் இருக்கலாம். நம்ம வீட்டு பெரியவங்க கைல இந்த டப்பா இருந்தா தயவுபண்ணி பிடுங்கி பாருங்க.

தறிக்காரன்_அம்மாபேட்டை:
நன்றிங்க, இவ்வளவு இருக்கும்னு நினைக்கல. நான் சுகருக்கு மெட்ஃபார்மின் போடறேன், அத முதல்லயே சொல்ல விட்டுப்போச்சு. வெந்தயம் சுகருக்கு நல்லதுதானே? அப்புறம் டெஸ்ட் எடுத்தா காலைலதான் எடுக்கணுமாமே, எனக்கு நைட் ஷிப்ட் முடியறதே காலைலதான், என்ன பண்றது?

மருந்துக்கடை_சூரமங்கலம்:
அண்ணா, வெந்தயம் குழம்புல போடறதுக்கு பயமில்ல, எக்ஸ்ட்ராக்ட்னா சுகர இன்னும் எறக்கலாம், மாத்திரையோட சேர்க்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க. சுகர், தொப்பை, தூக்கம் கெடறது இந்த மூணுமே டெஸ்டோஸ்டிரோன குறைக்கும். இளம் வயசு பசங்கள ஒரு வாரம் அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்க விட்டு பாத்ததுல 10லேர்ந்து 15 சதவீதம் குறைஞ்சிருக்கு. உங்க ஷிப்ட் கதைய கேட்டதுமே எனக்கு தோணுனது அதுதான். பலமா குறட்டை விடறீங்களான்னு வீட்ல கேட்டு அதயும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

டெஸ்ட்டு பகல் ஷிப்ட் வாரத்துல எடுங்க, நல்லா தூங்கி எழுந்து ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள, வெறும் வயித்துல. நைட் ஷிப்ட் முடிச்ச கையோட போய் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்காதீங்க, கம்மியா காட்டி பயமுறுத்திரும். முடி கொட்டுதுன்னு பயோட்டின் சாப்ட்டா ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திருங்க, அது ரிசல்ட்ட கெடுக்கும். பொதுவா டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்கு கீழ போனாத்தான் குறைவும்பாங்க, அதயும் இன்னொரு நாள் காலைல ரெண்டாவது தடவ பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. நிஜமாவே குறைவா இருந்தா காரணம் கண்டுபிடிக்க எல்எச், புரோலாக்டின்ங்கற மத்த ஹார்மோன்லாம் பாக்க சொல்லுவாங்க. யாராவது நேரா டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு கூப்ட்டா, இன்னொரு குழந்தை ஆசை இருக்குன்னா முதல்லயே சொல்லிருங்க, அந்த ஊசி விந்தணுவ குறைச்சிரும்.

ரிப்போர்ட் வந்ததும் இங்க போடுங்க அண்ணா, பேரையும் லேப் நம்பரையும் மறைச்சிட்டு.