புதுப்பிப்பு: ஃபிரிட்ஜை மறைத்தாச்சு

சாதாரண ஃபிரிட்ஜுக்கு முன்னால் மரக்கதவு போட்டு மறைத்துவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேனே? வேண்டாம் என்றவர்கள் சொன்னதுதான் சரி. பக்கவாட்டிலும் பின்னாலும் விடுகிற சூட்டுக்குப் போக வழியில்லாவிட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். அதனால் பலகை பொருத்தவென்றே வரும் பில்ட்-இன் மாடலுக்கு மாறிவிட்டோம். காற்று நுழையக் கீழே ஒரு கிரில், வெளியேற மேலே ஓர் இடைவெளி. வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு அலமாரி, அவ்வளவுதான்.

பாத்திரம் கழுவும் மெஷின் 60 செ.மீ. அகலம், கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் ஆசாரி அதன் கதவை மறைக்கும் முகப்புப் பலகையைக் கொஞ்சம் அதிகமாகவே கீழே இறக்கிவிட்டார். கதவைத் திறந்தால் பலகையின் அடிவிளிம்பு, தரையை ஒட்டியிருக்கும் கீழ்ப்பலகையில் உரசி 'கர்ர்' என்றது. ஒரு விரற்கடை அறுத்தெடுத்த பிறகுதான் நின்றது.

மைக்ரோவேவை மட்டும் மறைக்கவில்லை. நாளுக்குப் பத்து தடவை இரண்டு கதவு திறக்க யாரால் முடியும்?