பழைய கார் வைப்பர் தவழ்கிறதா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

என்னுடையது 1970 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். புது பெயிண்ட் அடித்து வந்த பிறகு பெய்த முதல் மழையிலேயே வைப்பர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தவழ்ந்து தவழ்ந்து மேலே போகும், பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "மோட்டார் போச்சு, மாத்திடுங்க." பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் இதே பதில்தான் கிடைக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மோட்டார் பெரும்பாலும் நிரபராதி. ஒன்று, அது இழுக்க வேண்டிய பாரம் கூடியிருக்கும். இல்லையென்றால் அதற்கு வர வேண்டிய கரண்ட் முழுசாக வந்து சேராது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

இந்தக் காரில் இருப்பது லூகாஸ் 14டபிள்யூ மோட்டார். அதிலிருந்து சுருள்கம்பி சுற்றிய ஒரு கேபிள், டியூபுக்குள் முன்னும் பின்னும் ஓடும். வைப்பர் கைக்குக் கீழே இருக்கும் சின்னப் பல்சக்கரம் அந்தச் சுருளில் பதிந்து திரும்பும். அந்தக் கால மினி, ட்ரையம்ப் கார்களிலும் இதே மாதிரி ஏற்பாடுதான்.

முதலில் கரண்ட். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை மோட்டாரின் எர்த் வயரிலும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) வைத்து வைப்பரை ஓடவிட்டேன். கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இந்த மோட்டார் ரப்பர் திண்டின் மேல் பட்டை போட்டுக் கட்டப்பட்டிருப்பதால் காரின் உடம்பு வழியாக அதற்கு நல்ல எர்த் கிடைக்காது, கருப்பு எர்த் வயரை நம்பித்தான் இருக்கிறது. அந்த வயர் பாடியில் முறுக்கப்பட்ட இடத்தில் வழவழவென்று புது பெயிண்ட்! ஸ்க்ரூவைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும் வரை சுரண்டிவிட்டுத் திரும்ப முறுக்கினேன். வேகம் கூடியது. ஆனால் முழுசாக வரவில்லை. (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும், அதாவது பாசிட்டிவ் எர்த் உள்ள இன்னும் பழைய கார் என்றால் பாசிட்டிவ் முனையிலிருந்து அளக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.)

அடுத்தது பாரம். கேபிளைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டேன். பட்டறைக் கையேட்டின்படி மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு 46 முதல் 52 சுற்று, கரண்ட் சுமார் 1.5 ஆம்பியர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணாலேயே எண்ணிவிடலாம். என் மோட்டார் இரண்டிலும் சரியாக இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் பழைய மோட்டார் அது! அதைத் தூக்கிப்போடச் சொன்னதை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

அப்புறம் வைப்பர் கைகளை எடுத்துவிட்டு, கேபிள் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தேன். 6 பவுண்டு, அதாவது 2.7 கிலோவுக்குள் கேபிள் நகர வேண்டும் என்பது கணக்கு. அசையக்கூட இல்லை. பலம் கொடுத்து உருவி எடுத்தபோது சுருளின் இடுக்கெல்லாம் பழைய கிரீஸ் பழுப்பு மெழுகாக இறுகிக் கிடந்தது. கேபிளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன், டியூபுக்குள்ளும் துணி விட்டு இழுத்தேன்.

இடது பக்க ஸ்பிண்டில், அதாவது வைப்பர் கை மாட்டியிருக்கும் அச்சு, தனியாக ஒரு வம்பு. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ரப்பர் வளையம் வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் துரு பிடித்திருந்தது. மெல்லிய எண்ணெய் விட்டு, கையாலேயே முன்னும் பின்னுமாகத் திருப்பத் திருப்ப இளகியது. அதை வெளியே எடுத்திருக்கும்போதே பல்சக்கரத்தையும் பாருங்கள். சக்கரம் முழுச் சுற்று சுற்றுவதில்லை, அதனால் ஒரு பக்கப் பற்கள் மட்டும் தேய்ந்திருக்கும். அரைச் சுற்று திருப்பி மாட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணால் பார்க்க முடியாமல் தடவித் தடவி நட்டு போடும் வேலை இது. மீட்டர்களைக் கழற்றிவிட்டுச் செய்தால் கை பிழைக்கும். புது கிரீஸ் தடவி மாட்டிய பிறகு வேகம் முழுசாகத் திரும்பிவிட்டது.

* * *

மேலே எம்ஜிபி பற்றி எழுதியவருக்கு: அருமை. என் கதை வேறு. என்னிடம் இருப்பது ஃபோர்டு 100இ, அதில் வைப்பருக்கு மின்மோட்டாரே கிடையாது. இன்ஜின் மேனிஃபோல்டின் (இன்ஜினுக்குள் கலவை போகும் குழாய்) உறிஞ்சு சக்தியில்தான் ஓடும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் உறிஞ்சு சக்தி குறையும், ஏற்றத்தில் வைப்பர் சோர்ந்துவிடும். காலை எடுத்தால் படபடவென்று அடிக்கும். அது பழுதல்ல, அதன் சுபாவம். ஆனால் சமதரையில், ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) இருக்கும்போதே சோர்ந்தால் அது பழுதுதான். குழாயை வைப்பர் பக்கத்தில் உருவி, இன்ஜின் ஓடும்போது விரலால் மூடிப் பாருங்கள். நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை. இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவரைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குழாய் வெடித்திருந்தது, வளைத்தால்தான் கீறல் கண்ணுக்குத் தெரியும். குழாயை மாற்றியதும் வைப்பர் மட்டுமல்ல, ஐடிலில் இன்ஜின் உதறிக்கொண்டிருந்ததும் நின்றது. அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே ஐடில் கோளாறும் வைப்பர் கோளாறும் சேர்ந்து வந்தால் கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள், முதலில் இந்தக் குழாயைப் பாருங்கள்.

* * *

மேலே இருவர் எழுதியதோடு என் பங்குக்கு, வேகம் சரியாக இருந்தும் பிளேடு தத்தித் தத்திப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். என் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் புது பிளேடு போட்டும் கடகட சத்தம் போகவில்லை. கவனித்துப் பார்த்தால் மேலே போகும்போது அமைதி, கீழே வரும்போது மட்டும் சத்தம். ஒரு திசையில் மட்டும் தத்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைப்பர் கையைத்தான். ரப்பர் நுனி ஒவ்வொரு முறையும் திசை மாறும்போது மறுபக்கம் சாய வேண்டும். கை முறுகியிருந்தால் ஒரு பக்கம் சாய முடியாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். பிளேடைக் கழற்றிவிட்டு, கையின் நுனித் தகடு கண்ணாடிக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். என்னுடையது லேசாகச் சாய்ந்திருந்தது. கண்ணாடி மேல் கனமான துணியை விரித்து, இரண்டு ஸ்பேனரால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி நேராக்கினேன். சத்தம் போய்விட்டது. இரண்டு திசையிலும் தத்தினால் கண்ணாடியில் பாலிஷ் மெழுகு படிந்திருக்கலாம்; ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள்.