மலேசியா, ஊத்தான் மெலிந்தாங் குடும்பக் குழு: ஓமானில் இருக்கும் பிரகாஷின் மணல் வண்டி

வெள்ளிக்கிழமை

பிரகாஷ் (இரவு 9:12)
[படம்] புது வண்டி. அதாவது எனக்குப் புதுசு. டொயோட்டா எஃப்.ஜே. குரூசர், 4.0 லிட்டர் வி6, பின் சக்கரம் இரண்டையும் சேர்ந்து சுற்ற வைக்கும் டிஃப் லாக் இருக்கிறது.

அம்மா (9:13)
சாப்பிட்டாயா

சுரேஷ் அண்ணன் (9:15)
தூள்! டயர் என்ன?

பிரகாஷ் (9:18)
வண்டியோடு வந்த அளவுதான், 265/70 ஆர்17. அடுத்த வெள்ளி மூன்று வண்டியாக ஷர்கியா மணலுக்குப் போகிறோம். வஹீபா மணல் என்பார்களே, அதுதான். மஸ்கட்டிலிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம். பிதியாவில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் தெற்கே 180 கிலோமீட்டர் வெறும் மணல். அதற்குள் வண்டியைத் தயார் செய்ய வேண்டும். ஒரு பட்டறையில் விலை கேட்டேன். வண்டியை 4 அங்குலம் தூக்கும் லிஃப்ட், சேற்றுக்கான 35 அங்குல மட் டயர், இரும்பு பம்பர், கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச், உயரத்திலிருந்து எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் ஸ்நார்க்கல் குழாய், கூரைக் கூடாரம். எல்லாம் சேர்த்து 2,600 ரியால்.

லட்சுமி அத்தை (9:19)
நம் மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) எவ்வளவு?

கவிதா (9:20)
26 ஆயிரத்துக்கு மேல் அத்தை

அம்மா (9:20)
கல்யாணத்துக்குச் சேர்த்து வைடா என்றால் இரும்பு வாங்குகிறான்

சுரேஷ் அண்ணன் (9:24)
அம்மா சும்மா இருங்கள். டேய், பட்டியல் சரியாகத்தான் இருக்கிறது. ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டு வண்டிப் போட்டி 1997-இலிருந்து நம் நாட்டில் நடக்கிறது. அதில் வருகிற வண்டிகளைப் பார். எல்லாம் பெரிய மட் டயர், வின்ச். என் ஹைலக்ஸ் எந்தச் சேற்றிலும் நிற்காது.

கணேசன் மாமா (9:31)
[குரல் செய்தி 4:37]

கவிதா (9:32)
மாமா, நான் பஸ்ஸில் இருக்கிறேன். எழுதிப் போடுங்கள்.

கணேசன் மாமா (9:33)
ஒரு விரலால் அடிக்க வேண்டும். காலையில் போடுகிறேன். பணம் கட்டிவிடாதே.

சனிக்கிழமை

சித்தப்பா (காலை 6:02)
[படம்: காலை வணக்கம்]

கணேசன் மாமா (7:10)
பசியாறிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிரகாஷ், முதலில் வின்ச். அதை எதில் கட்டி இழுப்பாய்? அங்கே செம்பனை மரம் நிற்கிறதா?

கவிதா (7:11)
😂

கணேசன் மாமா (7:19)
சிரிக்காதே. காட்டில் மரம் இருக்கிறது, சுரேஷ் கட்டுகிறான். மணலில் ஸ்பேர் டயரைப் புதைத்து அதில் கட்டுவார்கள். அதற்கு அரை நாள் குழி வெட்ட வேண்டும். மூன்று வண்டி போகிறது என்றால் ஒன்று மற்றொன்றை இழுக்கும். அதற்கு நல்ல கயிறு வேண்டும், வின்ச் வேண்டாம். அதோடு வின்ச், இரும்பு பம்பர் இரண்டும் முன் சக்கரத்தின் தலையில் உட்காரும். மணலில் மூக்கு கனத்த வண்டி மூக்கைப் புதைக்கும்.

கணேசன் மாமா (7:34)
அப்புறம் டயர். மட் டயரின் பட்டை ஏன் அவ்வளவு ஆழம்? சேற்றைக் கடித்து, சுற்றும்போது உதற. மணலுக்கு அடியில் கடிப்பதற்கு ஒன்றும் இல்லை. பட்டை மண்வெட்டி மாதிரி வேலை செய்யும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உன் குழியை நீயே வெட்டுவாய். மணல்மேல் மிதக்க வேண்டும். எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன் டயர் போதும்.

சுரேஷ் அண்ணன் (7:36)
மாமா, டயர் பெரிதாக இருந்தால் வண்டி உயரும் இல்லையா?

கணேசன் மாமா (7:48)
கணக்குப் போடு. இப்போது இருக்கிற டயர் 31.6 அங்குல உயரம். 285/70 போட்டால் 32.7. வித்தியாசத்தில் பாதிதான் தரைக்கும் வண்டிக்கும் நடுவே சேரும். 14 மில்லிமீட்டர். என் சுண்டு விரல் கனம்.
35 அங்குலம் போட்டால் உயரம் வரும், ஆனால் இழுவை போகும். ஒரு சுற்றுக்குப் பத்து சதவீதம் அதிக தூரம் உருட்ட வேண்டும், எஞ்சினோ அதேதான். மீட்டர் 100 காட்டும்போது நீ 110-இல் போவாய். மணலில் இழுவைதான் எல்லாம்.
4 அங்குல லிஃப்டும் வேண்டாம். அந்த வண்டியின் முன்பக்கம் தனிச் சஸ்பென்ஷன். தூக்கத் தூக்க ஆக்சில் மூட்டு கோணலாகும், ரப்பர் உறை கிழியும், கிழிந்த உறைக்குள் மணல் போகும். மிச்சம் உனக்கே தெரியும். 2 அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாதே.

பிரகாஷ் (மதியம் 12:05)
இப்போதுதான் எழுந்தேன் மாமா. அப்படியென்றால் என்னதான் செய்வது? எல்லாவற்றையும் வெட்டிவிட்டீர்கள்.

கணேசன் மாமா (12:20)
காற்றைக் குறை.

பிரகாஷ் (12:21)
அவ்வளவுதானா?

கணேசன் மாமா (12:41)
அதற்கு ஒரு காசும் இல்லை, அதனால்தான் பட்டறைக்காரன் எழுதவில்லை. வண்டி 2 டன், ஒரு சக்கரத்துக்கு அரை டன். 35 பி.எஸ்.ஐ. காற்றில் டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். 15-க்கு இறக்கினால் 470. டயரின் சுவரும் கொஞ்சம் தாங்கும், அதனால் கணக்கு அப்படியே வராது. ஆனால் வித்தியாசம் அந்த அளவுக்குத்தான். டயர் அகலவாட்டில் விரிவதைவிட நீளவாட்டில்தான் அதிகம் விரியும், புல்டோசர் சங்கிலி மாதிரி. 26 ஆயிரம் வெள்ளி கொடுத்தாலும் இது கிடைக்காது.
மணலில் இறங்கும்போது 18. இளகினால் 15. மாட்டிக்கொண்டால் 12. அதற்குக் கீழே போய் ஸ்டீரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

சித்தப்பா (12:44)
கணேசா, நம் கம்புட் சதுப்பு மண்ணில் டிராக்டருக்கு இதைத்தானே செய்தோம்

கணேசன் மாமா (12:58)
அதேதான். நான் 1979-இல் தோட்டத்துப் பட்டறையில் சேர்ந்தபோது துரையின் லேண்ட் ரோவர் கம்புட்டில் அச்சு வரைக்கும் போயிற்று. மரமே சாய்கிற மண், வண்டி நிற்குமா? கிராணி, அதாவது தோட்டக் குமாஸ்தா, ஆளுக்கு ஒரு கயிறு கொடுத்து இழுக்கச் சொன்னார். என் மண்டோர் (மேஸ்திரி) ஒன்றும் பேசாமல் நான்கு டயரிலும் தீக்குச்சியால் வால்வை அமுக்கினார். வண்டி ஊர்ந்து வெளியே வந்தது. அப்புறம் நான்கு டயருக்கும் சைக்கிள் பம்பால் காற்று அடித்தோம், அது வேறு கதை.

பிரகாஷ் (1:15)
என் நண்பன் மணலிலிருந்து அப்படியே கடற்கரைப் பக்கம், பார் அல் ஹிக்மான் வரை போகலாம் என்கிறான். அங்கே சப்கா என்று உப்புத் தரை. மேலே பளிங்கு மாதிரி காய்ந்திருக்கும், அடியில் சேறாம்.

கணேசன் மாமா (1:17)
அதுதான் உங்கள் ஊர்க் கம்புட். பழைய டயர்த் தடம் இல்லாத இடத்தில் கால் வைக்காதே. முதல் தடவை போகிறாய், வேண்டாம்.

அம்மா (1:18)
வேண்டாம் என்று மாமா சொல்கிறார் கேட்டாயா

கணேசன் மாமா (1:40)
சரி, காசு செலவழிக்கவே வேண்டும் என்றால் இதற்குச் செலவழி. நல்ல கம்ப்ரெசர், நேராக பேட்டரியில் மாட்டுவது. இறக்கிய காற்றை ஏற்றாமல் தார் ரோட்டில் 100-இல் போனால் டயர் சூடேறி வெடிக்கும். இழுப்பதற்கு, சேசிஸில் போல்ட் போட்ட கொக்கி, முன்னும் பின்னும். டிரெய்லர் மாட்டும் இழுவைப் பந்தில் கயிற்றை மாட்டவே கூடாது. நீளும் கயிறு ரப்பர் கவண் மாதிரி, அந்தப் பந்து பிய்ந்தால் பின் கண்ணாடி வழியாக ஆளின் தலைக்கு வரும். உயிர் போயிருக்கிறது. இழுக்கும்போது எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்.
ஷாக் அப்சார்பரை மாற்று. அங்கே மண் ரோடு அலை அலையாக இருக்குமே, அதில் ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே எண்ணெய் சூடேறி நுரைக்கும், அப்புறம் ஷாக் இருப்பதும் இல்லாததும் ஒன்று. காஸ் அடைத்தது வாங்கு.
மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மணல் பலகை இரண்டு, ஜாக்குக்கு அடியில் போட ஒரு கனத்த பலகை.

சுரேஷ் அண்ணன் (1:43)
ஸ்நார்க்கல்?

கணேசன் மாமா (1:46)
ஆறு கடக்கப் போகிறானா? தூசுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. முதலில் ஏர் ஃபில்டரைத் தினமும் தட்டட்டும், ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளட்டும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவிவிடாதே. நீ கழுவுவாய்.

பிரகாஷ் (1:47)
மாமா அது ஒரு தடவைதான்

லட்சுமி அத்தை (2:05)
எல்லோரும் கேளுங்கள். பொங்கலுக்குக் கோயிலில் 200 பேருக்குச் சாப்பாடு. அடுத்த சனிக்கிழமை வாழை இலையும் கரும்பும் சுரேஷ் வண்டியில் எடுத்து வர வேண்டும். மறந்துவிடாதே.

சுரேஷ் அண்ணன் (2:06)
சரி அத்தை

வெள்ளிக்கிழமை

பிரகாஷ் (மாலை 4:30)
[படம்] பிதியா. வாசலிலேயே டயர்க் கடை, வருகிற வண்டிக்கெல்லாம் காற்று இறக்கி ஏற்றுவதுதான் தொழில். 18-இல் நிறுத்தினேன். கம்ப்ரெசர், கயிறு, பலகை, கொக்கி, ஷாக் எல்லாம் சேர்த்து 2,600 ரியாலில் பாதிகூட ஆகவில்லை. கூடாரத்தை விட்டுவிட்டேன், கூரையில் கனம் ஏறினால் மேட்டில் சாயும் என்று இங்கேயும் சொன்னார்கள்.

அம்மா (4:31)
தண்ணீர் எடுத்துக்கொண்டாயா

பிரகாஷ் (4:32)
ஆளுக்கு ஒரு நாளுக்கு 5 லிட்டர், மூன்று நாளுக்கு அம்மா. இருப்பது இரண்டு நாள்தான்.

பிரகாஷ் (இரவு 10:55)
சிக்னல் கிடைத்தது. மாட்டிக்கொண்டேன், வெளியே வந்துவிட்டேன். மேட்டின் பாதியில் வண்டி மூச்சு வாங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தும் சக்தியே வரவில்லை. பார்த்தால் அந்த வழுக்கல் தடுக்கும் கருவியை அணைக்க மறந்திருக்கிறேன், சக்கரம் சுற்றினாலே அதுவாக எஞ்சினைக் குறைக்கிறது. அதற்குள் பின் சக்கரம் பாதி புதைந்தது.

கணேசன் மாமா (10:57)
என்ன செய்தாய்?

பிரகாஷ் (11:02)
இன்னும் மிதிக்கத்தான் கால் போனது. உங்கள் மண்வெட்டிக் கதை ஞாபகம் வந்து இறங்கினேன். 12-க்கு இறக்கினோம், சக்கரத்துக்குப் பின்னால் மணலை அள்ளினோம், ஏறாமல் வந்த தடத்திலேயே பின்னால் நேராக இறங்கினேன். கயிறே தேவைப்படவில்லை. பக்கவாட்டில் திரும்பியிருந்தால் உருண்டிருப்பேன் என்றான் நண்பன்.

அம்மா (11:03)
[இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

கவிதா (11:04)
அம்மா, நான் படித்துவிட்டேன் 😄

கணேசன் மாமா (11:06)
நாளை வெயில் ஏறுவதற்கு முன்னால் ஓட்டு. காலையில் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். ஆட்டோ கியர் சூடாகும், இளகின இடத்தில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் கியர்) போடு.

சனிக்கிழமை

லட்சுமி அத்தை (மாலை 3:40)
சுரேஷ் எங்கே? இலை இன்னும் வரவில்லை.

சுரேஷ் அண்ணன் (4:02)
தோட்டத்துப் பின் பாதையில் இருக்கிறேன் அத்தை. நேற்று மழை. கம்புட் ஓரம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

கவிதா (4:03)
எந்தச் சேற்றிலும் நிற்காத ஹைலக்ஸா அண்ணா?

கணேசன் மாமா (4:04)
மிதித்தாயா?

சுரேஷ் அண்ணன் (4:05)
...கொஞ்சம்

பிரகாஷ் (4:06)
அண்ணா, காற்றை இறக்கு. 15.

சுரேஷ் அண்ணன் (4:31)
வந்துவிட்டது!! வின்ச் கட்ட இங்கேயும் மரம் இல்லை, எல்லாம் மறு நடவுக் கன்று. 14-க்கு இறக்கினேன், மெதுவாக ஊர்ந்து ஏறிவிட்டது.

கணேசன் மாமா (4:32)
நல்லது. கம்ப்ரெசர் இருக்கிறதா?

கணேசன் மாமா (4:36)
சுரேஷ்?

சுரேஷ் அண்ணன் (4:37)
பெட்ரோல் நிலையம் 7 கிலோமீட்டர்தான் மாமா

கணேசன் மாமா (4:38)
இருபதைத் தாண்டாதே. மேடு பள்ளத்தில் திருப்பாதே.

லட்சுமி அத்தை (4:39)
இலைக்கு மேல் ஈரச் சாக்கைப் போடு