புதுப்பிப்பு: படங்களில் பனி சாம்பல் நிறமாகத் தெரியும் பிரச்சினை தீர்ந்தது
லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையத்தில் எடுத்த சறுக்குப் படங்களில் பனி சாம்பல் நிறமாகத் தெரிகிறது, பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டர்பனிலிருந்து மறுபடி போய் வந்தேன்.

பலித்தது ‘எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) 1.5 ஸ்டாப் கூட்டு’ என்ற யோசனைதான். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு. வெள்ளையைக் கண்டு கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் மிரண்டு படத்தை இருட்டாக்குகிறது. கூட்டியதும் பனி பனியாகவே வந்தது. நல்ல வெயிலில் மட்டும் எனக்கு 1 போதுமாக இருந்தது. பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்தேன். ‘செத்தது’ சூடேறி இன்னும் 40 படம் கொடுத்தது.

எதிர்பாராதது: லாட்ஜுக்குள் நுழைந்ததும் லென்ஸ் வியர்த்துவிட்டது. அப்புறம் வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே ஒரு மணி நேரம் திறக்காமல் வைத்தேன். மெமரி கார்டை முதலில் கழற்றிவிடுங்கள். நான் மறந்துவிட்டேன், படங்கள் மூடிய பைக்குள்ளேயே மாட்டிக்கொண்டன; அன்று பத்திரிகைக்குக் கட்டுரை மட்டும்தான் நேரத்துக்குப் போனது.