ரியர் புரொஜெக்‌ஷன் டிவிக்கு விளக்கு: கட்டுப்படியாகும் விலையில் எங்கே கிடைக்கும்?

பாபநாசத்துக்காரன்:

வணக்கம். எங்கள் வீட்டில் 50 அங்குல சோனி டிவி ஒன்று இருக்கிறது. சுவரில் மாட்டும் வகை அல்ல. உள்ளே விளக்கு எரிந்து, கண்ணாடியில் பட்டு, திரையின் பின்புறத்திலிருந்து படம் விழும் ரியர் புரொஜெக்‌ஷன் வகை. அப்பா மஸ்கட்டில் இருந்தபோது 2006 இல் வாங்கி அனுப்பியது. 2013 இல் ஒருமுறை அவரே விளக்கை மாற்றினார். அவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது.

போன வாரம் இரவுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். திரை இருண்டுவிட்டது. இப்போது போட்டால் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு நின்றுவிடுகிறது. கீழே விளக்குக்கான சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.

கும்பகோணத்தில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். “இந்த வகையே போய்விட்டது, எடைக்குப் போட்டுவிடுங்கள்” என்றார்கள். இணையத்தில் ஒரு கடை 13,500 ரூபாய் சொல்கிறது. இன்னொரு கடை அதே எக்ஸ்எல்-2400 என்ற எண்ணைப் போட்டு 1,900 ரூபாய் என்கிறது. எதை நம்புவது?

அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆன பிறகும் சின்னத் திரை சரிப்படவில்லை. திருவையாற்றில் ஆராதனையன்று பஞ்சரத்னக் கீர்த்தனை பாடுவதை வருடம் தவறாமல் இந்தத் திரையில்தான் பார்ப்பார். அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொள்கிறது.

தஞ்சை மேலவீதி:

நண்பரே, உங்கள் மனது புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன். சோனி 2008 தொடக்கத்தோடு இவ்வகை டிவி தயாரிப்பை விட்டுவிட்டது. கடைசிவரை தாக்குப்பிடித்த மிட்சுபிஷியும் 2012 இறுதியில் நிறுத்திவிட்டது. உதிரி பாகங்கள் இனிக் குறையத்தான் செய்யும். 13,500 ரூபாயை விளக்குக்குக் கொடுப்பதைவிட, மேலே கொஞ்சம் போட்டுப் புதிய டிவியாகவே வாங்கிவிடலாம். மின்சாரமும் மிச்சம்.

மாயவரம் மெக்கானிக்:

தம்பி, மேலே நண்பர் சொன்ன கணக்கு 13,500 ரூபாய்க்குச் சரி. ஆனால் நீங்கள் அவ்வளவு கொடுக்க வேண்டியதே இல்லை.

எக்ஸ்எல்-2400 என்பது விளக்கின் எண் அல்ல. விளக்கும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடும் சேர்ந்த முழுப் பாகத்துக்குச் சோனி வைத்த எண். கூட்டைக் கழற்றினால் உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதன் நடுவில் குன்றிமணி அளவில் ஒரு குவார்ட்ஸ் குமிழ். அதுதான் உங்களுக்கு வேண்டியது. இந்தக் கிண்ணத்தைச் செய்தவை பிலிப்ஸ், ஆஸ்ரம் போன்ற விளக்குக் கம்பெனிகள். டிவிக் கம்பெனிகள் வாங்கித் தங்கள் கூட்டில் பொருத்திக்கொண்டன. ஆகவே டிவி எண்ணைச் சொல்லித் தேடாதீர்கள். கிண்ணத்தின் பின்பக்கப் பீங்கான் கழுத்தில் பொறித்திருக்கும் வாட் அளவையும் எண்ணையும் சொல்லி, கூடு இல்லாத வெறும் விளக்காகக் கேளுங்கள். பாதி விலைக்கும் கீழே வந்துவிடும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கல்லூரிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் புரொஜெக்டர் பழுது பார்க்கிறவர்களிடம் போங்கள். டிவிக் கடைக்காரருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் தினமும் கையாளுவது இதே இனத்து விளக்குதான்.

1,900 ரூபாய் விளக்கைத் தொடாதீர்கள். பிலிப்ஸ் 1995 இல் கொண்டுவந்த யுஹெச்பி என்ற மிக உயர் அழுத்த விளக்கும் அதன் இனமும் சாதாரண பல்பு அல்ல. எரியும்போது அந்தக் குமிழுக்குள் பாதரச ஆவி 200 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும். இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான். அந்த நூலிழையில்தான் அத்தனை வெளிச்சமும் பிறக்கிறது. குவார்ட்ஸ் மட்டமாக இருந்தால் வெடிக்கும். முனைகள் சற்று விலகியிருந்தால் படம் மங்கும்.

மாற்றும்போது டிவியை அணைத்து, மின்விசிறி நின்ற பிறகு பிளக்கைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். புதிய விளக்கின் கண்ணாடியில் விரல் படவே கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பசை சூட்டில் குவார்ட்ஸைப் பூக்கவைத்துப் பலவீனமாக்கிவிடும். வெள்ளைப் பருத்தித் துணியால் பிடியுங்கள். மூடியைச் சரியாக அழுத்தி மூடாவிட்டால் உள்ளிருக்கும் சின்ன சுவிட்ச் விளக்கை எரியவிடாது. நல்ல விளக்கை வாங்கிப் போட்டுவிட்டு, மூடி சரியாக மூடாததால் எரியவில்லை என்று என்னிடம் டிவியைத் தூக்கி வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. இந்த விளக்கு 6,000 முதல் 8,000 மணி நேரம் ஓட வேண்டும். இங்கே பல வீடுகளில் அதற்கு முன்பே போய்விடுவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது மின்தடை. கரண்ட் போனதும் விளக்கோடு மின்விசிறியும் நின்றுவிடுகிறது. கொதிக்கும் விளக்கு காற்றில்லாமல் புழுங்குகிறது. உடனே கரண்ட் வந்து மறுபடி போட்டால், உள்ளே அழுத்தம் இறங்காததால் பற்றாது, திரும்பத் திரும்ப அடி வாங்கும். டிவியை இன்வெர்ட்டர் இணைப்பில் வையுங்கள். இரண்டாவது பதர். சம்பா அறுவடையில் சாலையோரம் இயந்திரம் ஓடுகிறபோது எழும் நெல் தூசி வீட்டுக்குள் வந்து காற்று வழியை அடைத்துவிடும். மாயவரத்துக்குக் கிழக்கே நான் திறந்து பார்த்த ஒரு டிவியில் காற்று வலை முழுவதும் பொன்னிறமாக உமிப்பொடி, போர்வை போலப் படிந்திருந்தது. விரலால் இழுத்தால் பாய் சுருட்டுவது போல ஒரே தகடாக வந்தது.

பழைய விளக்கைக் குப்பையிலோ வாய்க்காலிலோ எறிந்துவிடாதீர்கள், தம்பி. உள்ளே பாதரசம். அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் போகிறது.

பட்டுக்கோட்டை தென்னந்தோப்பு:

மெக்கானிக் ஐயா சொன்னது அத்தனையும் என் பணத்தைக் கொட்டிக் கற்றுக்கொண்டவை. நான் முதலில் வாங்கியது மலிவு விளக்கு. நாற்பதாவது நாள் தேங்காய் உடைத்த மாதிரி சத்தம். கூடு முழுக்கக் கண்ணாடித் தூள். சன்னல்களைத் திறந்துவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம்.

இரண்டாவதாக நல்ல விளக்கே வாங்கினேன், எரியவில்லை. விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பேலஸ்ட், டியூப் லைட்டுக்குச் சோக் மாதிரி, அது போயிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு கரண்ட் திரும்பி வந்த முதல் நாள் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கியது, அன்று போனது. தெரியாமல் விளக்கையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே வாங்கும் முன் பழைய விளக்கை எடுத்துப் பாருங்கள். குமிழ் கருத்தோ வீங்கியோ விரிசல் விட்டோ இருந்தால் விளக்குதான். பளிச்சென்று தெளிவாக இருந்தால் பேலஸ்ட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாயவரம் மெக்கானிக்:

நல்ல வேளை நினைவூட்டினீர்கள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இருளுவதற்கு முன்பே படத்தில் மஞ்சள் கறையோ நீலப் படலமோ இருந்திருந்தால் அது உள்ளே ஒளி போகும் எல்சிடி பகுதியின் நோய். விளக்கை மாற்றித் தீராது. எல்சிடிக்குப் பதில் நுண்கண்ணாடிச் சிப் உள்ள டிஎல்பி வகை வைத்திருப்பவர்களுக்குத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் சிப்பிலுள்ள நுண்கண்ணாடிகள் சிக்கிக்கொண்டன என்று அர்த்தம். அதற்கும் விளக்கு மருந்தல்ல.

பாபநாசத்துக்காரன்:

அனைவருக்கும் நன்றி. கறை ஏதும் இருந்ததில்லை. விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். குமிழின் ஒரு பக்கம் புகை படிந்தது போலக் கறுத்திருந்தது.

பரணில் அப்பாவின் பெட்டியைத் தேடியதில் 2013 இல் கழற்றிய பழைய கூடே கிடைத்தது. செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி, மேலே நீலப் பேனாவில் “விளக்கு மாற்றியது, சித்திரை 1, 2013. கூடு நன்றாக உள்ளது, எறிய வேண்டாம்” என்று எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் பரணிலேயே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

திருச்சியில் புரொஜெக்டர் பழுது பார்க்கும் ஒருவர் கழுத்திலிருந்த எண்ணைப் பார்த்து வெறும் விளக்கை 5,200 ரூபாய்க்கு வரவழைத்து, அப்பா வைத்திருந்த கூட்டிலேயே பொருத்திக் கொடுத்தார். நேற்று மாலை மாட்டினேன். காற்று வலையில் ஒரு கைப்பிடி உமித்தூசி. போட்டதும் முதல் அரை நிமிடம் மங்கலாக இருந்து, பிறகு மெல்ல வெளுத்து வந்தது. அம்மா நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

சணல் கட்டிய தாளில் அப்பாவின் வரிக்குக் கீழே நேற்றைய தேதியை எழுதிப் பரணில் வைத்துவிட்டேன். இன்வெர்ட்டர் இணைப்பு மாற்ற வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார். எரிந்துபோன இரண்டு விளக்குகளும் அட்டைப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கம் இவற்றை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.