ரியோ நெக்ரோவில் 5 நாள் படகுப் பயணம்: ஜூலையா, அக்டோபரா?

மழைப்பாதை (கேள்வி):
பிரேசிலின் மனாவுஸ் நகரிலிருந்து வழிகாட்டியோடு 5 நாள் அமேசான் காட்டுக்குள் படகில் போகத் திட்டம். நான்கு பேர். ஒருவருக்கு 63 வயது, நீச்சல் தெரியாது. விடுப்பு ஜூலையில் அல்லது அக்டோபரில்தான். எப்போது வந்தாலும் ஒன்றுதான் என்கிறார் முகவர். உண்மையா? படகில் எதையெல்லாம் பார்த்து முன்பதிவு செய்வது? கொசு, தடுப்பூசி விவரமும் சொல்லுங்கள்.

ஆற்றோரன்:
நிச்சயம் ஒன்றில்லை. ஜூலையில் பார்ப்பதும் அக்டோபரில் பார்ப்பதும் இரண்டு வேறு காடுகள். மனாவுஸ் துறைமுகத்தில் ரியோ நெக்ரோ ஆற்றின் நீர்மட்டம் ஜூன் வாக்கில் உச்சத்தைத் தொடும். அக்டோபர், நவம்பரில் அடிக்குப் போகும். சாதாரண ஆண்டிலேயே 10 மீட்டர் ஏற்ற இறக்கம். 2021 ஜூனில் 30.02 மீட்டர் இருந்தது. 2023 அக்டோபரில் 12.70, 2024 அக்டோபரில் அதற்கும் கீழே இறங்கியது.

ஜூலையில் காட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். கருநீர் புகுந்த அந்தக் காட்டை அங்கே இகாபோ என்பார்கள். துடுப்புப் படகில் போனால் மரத்தின் பாதி உயரத்தில் மிதப்பீர்கள், குரங்குகள் கிட்டத்தில் தெரியும். மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். சத்தம் கேட்டால் எதுவும் இருக்காது. மீன்கள் காட்டுக்குள் சிதறிவிடுவதால் தூண்டில் போட்டால் பிரானா சிக்குவது அரிது.

அக்டோபரில் வெள்ளை மணல்திட்டுகள் வெளிவரும். மீன்கள் ஒடுங்கிய நீரில் திரள, அவற்றைத் தேடி ஓங்கில்களும் கேமன் முதலைகளும் வரும். ஆனால் பெரிய படகு ஓடைகளுக்குள் நுழையாது, சேற்றில் இறங்கி உயரமான கரை ஏற வேண்டும். 63 வயதுக்காரர் இருக்கிறார் என்பதால் என் வாக்கு ஜூலைக்கே. அக்டோபர்தான் முடியும் என்றால், நீர் வற்றினால் எந்த வழியில் போவோம் என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

போகும் திசையையும் கேளுங்கள். ஆற்றில் மேலே ஏறினால் அனவில்யானாஸ் தேசியப் பூங்கா, 400 தீவுகளுக்கு மேல். கீழே போனால் ரியோ நெக்ரோவின் கருநீரும் சோலிமோயிஸ் ஆற்றின் பழுப்புக் கலங்கல் நீரும் பல கிலோமீட்டர் கலக்காமல் ஓடும் இடம். அதற்கு அரை நாள் போதும்.

துடுப்பு:
படகு பற்றி. நிறுவனமும் வழிகாட்டியும் பிரேசில் சுற்றுலா அமைச்சகத்தின் கடாஸ்டூர் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உயிர்காப்பு மேலாடையைப் போட்டு வாரை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மோவாயைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும். நீச்சல் தெரியாதவர் சிறு படகில் அதைக் கழற்றவே கூடாது.

பலர் கவனிக்காதது மோட்டார்த் தண்டு. சில சிறு மரப்படகுகளில் இயந்திரத்திலிருந்து விசிறிக்குப் போகும் தண்டு தரையோடு திறந்தே சுழலும். குனியும்போது நீளமுடி அதில் சுற்றினால் தலைத்தோலே உரிந்துவிடும். அமேசானில் பெண்களும் சிறுமிகளும் இப்படி ஏராளமாகப் பாதிக்கப்பட்டதால் 2009-இல் தண்டுக்கு மூடி கட்டாயம் என்று சட்டமே வந்தது. மூடி இல்லாத படகில் ஏறாதீர்கள். இருந்தாலும் பின்னலைக் கொண்டையாக முடிந்து, துப்பட்டாவை உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

இரவில் கேமனைப் பிடித்துக் கையில் தருகிறேன் என்கிற வழிகாட்டி வேண்டாம். அது சட்டப்படி குற்றம், விலங்குக்கும் வதை. விளக்கொளியில் சிவப்பாக மின்னும் கண்களைத் தள்ளி நின்று பார்ப்பதே போதும்.

வேம்பு:
ரியோ நெக்ரோவின் நீர் அமிலத்தன்மை உடையது, ஊட்டச்சத்தும் குறைவு; அதனால் கொசுப்புழு அதிகம் பெருகுவதில்லை. சோலிமோயிஸ் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். எங்கே போனாலும் 20–30% டீட் (கொசுவிரட்டி மருந்து) உள்ள களிம்பு தேவை. முதலில் வெயில் களிம்பு, அது காய்ந்தபின் டீட். டீட் பிளாஸ்டிக்கை இளக்கும். மூக்குக்கண்ணாடி, கேமராவைத் தொடும் முன் உள்ளங்கையைத் துடையுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சான்றிதழ் வாழ்நாளுக்கும் செல்லும். அது இல்லாமல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல்முறையாகப் போடுவோருக்குக் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். அந்த 63 வயதுக்காரர் ஊசி மையத்துக்குப் போகுமுன் தன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் தந்தால் திரும்பியபின்னும் 4 வாரம் தொடர வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும்.

மழைப்பாதை:
ஜூலை என்று முடிவு செய்துவிட்டோம், நன்றி. இரவுக்கு அறையா, தூளியா?

துடுப்பு:
63 வயதுக்காரருக்கு அறை, மற்றவர்களுக்குத் தூளி. தூளியில் நேராகப் படுத்தால் முதுகு வளையும், மூலைவாட்டில் படுங்கள். தூளிக்கென்றே தைத்த கொசுவலையும், விடியற்காலைக் குளிருக்கு ஒரு போர்வையும் கொண்டுபோங்கள். கேமரா குளிரூட்டிய அறையில் இருந்தால் மூடிய பையோடு வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்கப் பனி படரும்.