அறிவியல் தெரியாதவர் என் ஆய்வு விண்ணப்பத்தை மதிப்பிடலாமா?

அருண்:
பிரிட்டனில் பார்கின்சன் நோய் ஆய்வில் இருக்கிறேன். ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பிய நிதி விண்ணப்பம் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. துறை வல்லுநர்கள் இருவரும் நல்லபடியாகவே எழுதியிருக்கிறார்கள். மூன்றாமவர் நோயாளிகள் தரப்பிலிருந்து வந்த மதிப்பீட்டாளராம். “இவர்கள் எப்படி வந்து சேர்வார்கள்?” என்று ஒரே வரி. இவருக்கு இதில் என்ன வேலை?

சுந்தரி:
தம்பி, அந்த வரியை எழுதியது நானில்லை. என்னிடம் வந்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். வேறோர் அறக்கட்டளைக்கு இதே வேலையைச் செய்கிறேன். கணவருக்குப் பார்கின்சன் வந்து 11 ஆண்டுகள். ஆய்வில் பங்கேற்பவர்கள் முந்தின இரவே லெவோடோபாவை, அதாவது பார்கின்சன் மாத்திரையை, நிறுத்திவிட்டுக் காலை 9 மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பீர்கள், சரிதானே? மருந்தின் தாக்கம் இல்லாமல் நடையை அளக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் காலை மாத்திரை அரை மணி தள்ளிப்போனாலே சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். இரவு மாத்திரையும் இல்லையென்றால் அவரால் கட்டிலில் புரண்டு படுக்க முடியாது. அவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்கிறீர்கள். டாக்சிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒரு பவுண்டாவது ஒதுக்கினீர்களா?

ரகு:
ஒரு தேர்வுக் குழுவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அந்த ஒரு வரியே உங்களைக் கவிழ்த்திருக்காது. மதிப்பீடுகளை அனுப்பி உங்கள் பதிலைக் கேட்டிருப்பார்களே, அதில் என்ன எழுதினீர்கள்? கூட்டத்தில் விண்ணப்பத்தை எடுத்துவைக்கும்போது நான் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான். எங்கள் குழுவில், விண்ணப்பித்தவரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். நான் நிம்மதியாகத் தேநீர் குடித்ததெல்லாம் அப்படி வெளியே போனபோதுதான். பிறகு மதிப்பெண், தரவரிசை. பணம் எட்டும் இடத்தில் ஒரு கோடு. இறுதி ஒப்புதல் அறங்காவலர்களுடையது. அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் இருப்பவர்களிடையே பெரிய வித்தியாசம் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அருண்:
“கவனத்தில் கொள்வோம்” என்று எழுதினேன்.

ரகு:
அது போதாது.

சுந்தரி:
சிலரையாவது வீட்டுக்கே போய் அளக்க முடியுமா என்று பாருங்கள். விண்ணப்பத்தின் எளிய மொழிச் சுருக்கத்தையும் திருத்தி எனக்கு அனுப்புங்கள்; எங்கள் அறக்கட்டளைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் மட்டும் வேண்டாம். கணவரிடம் வாசித்துக் காட்டுகிறேன், காலை 10 மணிக்கு மேல், மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும்.